வெந்துருச்சுங்க

பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் தமிழும் நடத்திக்கொண்டிருந்த ஞானம் வாத்தியாருக்கு இலக்கணம் என்றால் உயிர். மற்ற வாத்தியார்கள் சாயங்காலமானால் டென்னிஸ் ஆடப் போவார்கள். இவன் பள்ளிக்கூடத்து நூலகத்தில் உட்கார்ந்து, லத்தீன் வினைச்சொல்லையும் தமிழ் வினைச்சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டிருப்பான். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. மலையடிவாரத்தில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் தானே பொங்கிச் சாப்பிட்டான்.

முப்பத்துநாலாம் வருஷம் தை மாதம், நார்வே தேசத்திலிருந்து ஹால்வர் என்ற துரை மதுரைக்கு வந்து தல்லாகுளத்தில் ஒரு பங்களாவில் தங்கினார். அவர் அதிகாரியும் இல்லை, பாதிரியாரும் இல்லை, பஞ்சு வியாபாரியும் இல்லை. உலகத்து மொழிகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவர் தொழில். பேச்சுத் தமிழை விளக்கிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டபோது, தலைமையாசிரியர் யோசிக்கவே இல்லை, ஞானத்தின் பெயரைச் சொல்லிவிட்டார். பங்களாவில் விருந்தாளிகள் தொல்லை. அதனால் துரையே தினமும் மத்தியானத்துக்கு மேல் ஜட்கா பிடித்து, வைகைப் பாலம் தாண்டிப் பசுமலைக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஞானத்தின் அக்கா ஒச்சாயி வந்திருந்தாள். அவள் புருஷன் செத்து வருஷம் திரும்பியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. உசிலம்பட்டிக்கு மேற்கே கரட்டோரத்துக் கிராமத்தில் தனியாகக் கிடந்தவளை, "இனிமே என்கூடவே வந்து இருக்கா" என்று ஞானம்தான் போய்க் கூட்டிவந்தான். அதில் பொய் இல்லை. மனசாரத்தான் கூப்பிட்டான்.

ஞானம் பிறந்தபோது வைத்த பெயர் பேயாண்டி. ஆத்தா அவன் தவழ்கிற வயசிலேயே போய்விட்டாள். அப்பன் முத்திருளன், அந்தப் பக்கத்து ஆம்பளைகள் எல்லோரையும் போல, சர்க்கார் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, பொழுது சாய்ந்ததும் போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை வைத்துவிட்டு அங்கேயே படுத்தெழுந்தவன். ஒரு ஊரையே திருட்டு ஊர் என்று எழுதிவைத்திருந்த காலம். தம்பியை அந்த வரிசையில் போய் நிற்கவிடக் கூடாது என்று ஒச்சாயி நினைத்தாள். இடுப்பில் தூக்கி வளர்த்தவனைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போய் மிஷன் விடுதியில் சேர்த்தாள். களை வெட்டப் போய், கரும்பு வெட்டப் போய், கேப்பை மாவும் அவிச்ச மொச்சையும் கட்டிக்கொண்டு விடுதி வாசலில் வந்து நிற்பாள். பேயாண்டி ஞானமானான், பி.ஏ. ஆனான், வாத்தியாரானான். ஒச்சாயி ஒச்சாயியாகவே இருந்தாள். தோள் வரைக்கும் தொங்குகிற காதில் தண்டட்டி, ரவிக்கை இல்லாமல் சுற்றிக் கட்டிய கண்டாங்கிச் சேலை, வாய் நிறைய வெற்றிலை. அந்தக் காதைப் பார்த்தாலே எந்தப் பக்கத்து மனுஷி என்று மதுரைக்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

துரை வந்த முதல் நாள், ஒச்சாயி இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்று, வெள்ளைக்காரனை அதிசயமாகப் பார்த்தாள். ஹால்வர் எழுந்து லேசாகத் தலை குனிந்தார். பிறகு ஞானத்தின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டார்.

"உங்கள் குக்கா?"

ஞானம் ஒரு நொடி அக்காவின் காதைப் பார்த்தான்.

"யெஸ்" என்றான்.

இல்லை என்று சொல்ல அதே அளவு நேரம்தான் ஆகியிருக்கும். துரை தவறாக நினைக்கிறவரும் இல்லை. ஏன் அப்படிச் சொன்னோம் என்று ஞானத்துக்கே விளங்கவில்லை. சொன்ன பிறகு திருத்துவதற்கு வாய் வரவில்லை. ஒச்சாயிக்கு இங்கிலீஷ் தெரியாது என்ற ஒரு சமாதானம்தான் இருந்தது. ஆனால் 'குக்கு' என்ற சொல் பசுமலையில் எல்லாருக்கும் தெரியும். பங்களாக்களில் வேலை பார்த்த பெண்கள் குழாயடியில் தினமும் பேசுகிற சொல் அது.

ஒச்சாயி ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. காலி டம்ளரை எடுக்க வந்தபோது, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்.

"சோறு வெந்துருச்சுங்க."

அவள் வாயிலிருந்து தனக்கு ஒரு 'ங்க' வந்ததை ஞானம் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான். அவள் முகத்தைப் பார்க்காமல் காகிதங்களை அடுக்கினான். கூடவே, நாம் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லையே, அவளாகவே புரிந்துகொண்டாளே என்று ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிதான் பின்னால் அவனை ரொம்ப நாள் அறுத்தது.

துரை போனதும் அவள் பழையபடி, "என்னடா, தொரை தட்டுல சோத்தப் போட்டா திம்பாரா?" என்று சிரித்தாள். மத்தியானம் நடந்ததைப் பற்றிப் பேசவே இல்லை. ஞானமும் பேசவில்லை. அதற்குப் பிறகு தினமும் அப்படியே ஆகிப்போனது. ஜட்கா வந்தால் 'ங்க', ஜட்கா போனால் 'டா'.

ஹால்வர் தேடி வந்தது ஒரு விசித்திரமான சரக்கு. இரண்டாம் நாளே ஞானத்திடம் அதைச் சொன்னார்.

"வினைச்சொல் யாருக்குக் கட்டுப்படும்? 'வந்தான்' என்றால் வந்தவனுக்கு. சில மொழிகளில் அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் சேர்த்தே கட்டுப்படும். எப்படியானாலும் நடந்த காரியத்தில் பங்குள்ளவர்களுக்குத்தான் அதில் இடம். சும்மா நின்று கேட்டுக்கொண்டிருக்கிறவனுக்கு அங்கே என்ன வேலை? பண்டிதர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் மலைப்பக்கம் பாஸ்கு என்று ஒரு மொழி இருக்கிறது. அதில் நெருங்கிய ஒருவரிடம் 'மழை பெய்தது' என்று சொன்னால்கூட, கேட்கிறவர் ஆணா பெண்ணா என்பது வினைச்சொல்லுக்குள் ஏறிக்கொள்ளும். மழைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கேட்டார், அவ்வளவுதான்."

"அப்படியானால் பண்டிதர்கள் சொன்னது தப்புதானே?" என்றான் ஞானம்.

"ஒன்றே ஒன்று என்றால் விபத்து என்று ஒதுக்கிவிடுவார்கள். சம்பந்தமே இல்லாத இன்னொரு மொழியிலும் அது இருந்தால், மனுஷப் பேச்சு அந்த வழியிலும் போகும் என்று ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். இலக்கண விதியையே திருத்தி எழுத வேண்டிவரும். அந்த இரண்டாவது எங்கே இருக்கிறது என்றுதான் அலைகிறேன்."

ஞானத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. எழுந்து இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தான். "சார், நேற்று அந்தம்மா சொன்னதைக் கேட்டீர்களா? வெந்துருச்சு என்றால் வெந்தது சோறு. ஆனால் வெந்துருச்சுங்க என்றால், அந்த 'ங்க' யாருக்கு? சோற்றுக்கா மரியாதை? கேட்கிற எனக்கு! 'நாய் செத்துப்போச்சுங்க' என்றுகூடச் சொல்வோம். நாய்க்கு யாரும் மரியாதை கொடுப்பதில்லை."

ஹால்வர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். பிறகு சந்தேகப்பட்டார். அது 'சார்', 'ஐயா' மாதிரி வெளியே ஒட்டிக்கொண்ட கூப்பிடு சொல்லாக இருக்கலாமே?

அதற்கு விடை கண்டுபிடித்தது ஞானம்தான். இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு, வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது பளிச்சென்று பட்டது. 'வெந்துருச்சா சார்?' என்று கேட்டால், கேள்வியாக்குகிற 'ஆ' முடிந்த பிறகுதான் 'சார்' வருகிறது. 'வெந்துருச்சுங்களா?' என்று கேட்டால், 'ங்க' உள்ளே, 'ஆ' வெளியே. சார் வாசலில் நிற்கிறார். 'ங்க' வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அது வினைச்சொல்லின் சொந்த உறுப்பு.

அதைக் கேட்டு ஹால்வர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். புத்தகத்தில் உங்கள் பெயரைப் போடுவேன் என்றார். உலகத்து இலக்கணத்தையே மாற்றப்போகிற இரண்டாவது மொழி, தன் அடுப்படியிலிருந்து வந்த மொழி! ஞானம் அந்த மாசியில் தரையில் கால் பாவாமல் நடந்தான். யார் யாரிடம் 'ங்க' வரும், யாரிடம் வராது என்று துரைக்கு வரிசையாகச் சொன்னான். பெண்டாட்டி புருஷனிடம் சொல்வாள். வேலைக்காரர் எஜமானிடம் சொல்வார். எஜமான் திருப்பிச் சொல்லமாட்டார். ஆத்தாளோ அக்காளோ சின்னவனிடம் சொல்லவே மாட்டார்கள், 'டா'தான். அப்படிச் சொன்னபோது கதவுக்குப் பின்னால் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. தமிழில் சொன்ன உதாரணங்கள் அவள் காதில் விழுந்திருக்கும். ஞானம் குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலே பேசினான்.

மாசிக் கடைசியில் ஒரு நாள் துரைக்கு வெந்நீர் வேண்டியிருந்தது. ஒச்சாயி கிணற்றடியில் இருந்தாள். ஞானமே அடுப்படிக்குப் போய் விறகுக் குவியலில் கையை விட்டான். கொல்லைப்புறமாக உள்ளே நுழைந்தவள் அலறினாள்.

"டேய் பேயாண்டி! கைய எடுடா! தேளு!"

அவன் கையைத் தட்டிவிட்டு, விறகுக் கட்டையால் ஓங்கி ஒரே போடு. கருந்தேள், உள்ளங்கை நீளம். அவன் கையை இழுத்து முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கொன்னுட்டேன்டா. ஒண்ணுமில்லடா, பயப்படாத. கொட்டலைல்ல? நல்லாப் பாருடா" என்று அவன் தலையைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது அடுப்படி வாசலில் ஹால்வர் நின்றுகொண்டிருந்தார்.

அந்த இடத்தில் ஒரு மனுஷன் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். ஞானம் வேறொன்றைச் செய்தான். அக்காளின் கையை உதறிவிட்டு, முகம் சிவக்கச் சத்தம் போட்டான்.

"யாருக்கிட்ட என்ன பேசுற? மரியாதை தெரியாது? ஆளப் பாத்துப் பேசணும்!"

ஒச்சாயி இரண்டடி பின்னால் போனாள். சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள். அவனைப் பார்க்கவில்லை, செத்த தேளைப் பார்த்தாள்.

"தப்புதாங்க. வாய் தவறிருச்சுங்க."

அன்று சாயங்காலம் துரை போன பிறகு அவள் 'டா' போட்டாள்தான். ஆனால் ரசம் ஊற்றும்போது ஒரு தடவை, தூங்கப் போகும்போது ஒரு தடவை, அவ்வளவே. ஞானம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். எந்த இடத்தில் தொடங்குவது என்று தெரியாமல் உப்புக் கேட்டான்.

மறுநாளிலிருந்து ஹால்வர் முகம் வாடியிருந்தது. ஒரு வாரம் கழித்து விஷயத்தை உடைத்தார்.

"தேள் வந்த அன்றைக்கு உங்கள் குக் உங்களிடம் 'ங்க' சொல்லவில்லை. பயத்தில் என்று முதலில் நினைத்தேன். முந்தாநாள் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். வாசல் கதவருகே நிற்கும்போது உள்ளே அவர் பேசியது கேட்டது. அப்போதும் இல்லை. அவசரமும் இல்லை, பயமும் இல்லை. அப்படியென்றால் இந்த 'ங்க' இருந்தாலும் இருக்கும், போனாலும் போகும். நாங்கள் தெருவில் பெரிய மனிதரைக் கண்டால் தொப்பியைக் கழற்றுகிறோமே, அந்த மாதிரி ஒரு நடத்தை. இலக்கணம் இல்லை. பாஸ்குக்காரன் வீடு பற்றி எரியும்போது கத்தினாலும் அவன் வினைச்சொல் கேட்பவரை மறக்காது."

"கிராமத்துப் பொம்பளை சார். அவர்களுக்கு மரியாதை எல்லாம் ஒரே சீராக வராது" என்றான் ஞானம். சொல்லும்போதே நாக்கில் ஏதோ கசந்தது.

"அதுதான் நானும் சொல்கிறேன். சீராக வராதது விதி ஆகாது."

அவர் ஒச்சாயியையே நேரில் கூப்பிட்டுக் கேட்டார். படித்து வைத்திருந்த ஏட்டுத் தமிழில், "அம்மா, அன்று நீங்கள் ஏன் அப்படி உரைத்தீர்கள்?" என்றார். அவளுக்கு ஞானம் அர்த்தம் சொன்னான். அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

"புத்தி கெட்டுப்போயிச் சொல்லிட்டேங்க. இனிமே வராதுங்க."

அவள் ஒரு பொய்யைக் காப்பாற்றுகிறாள் என்று ஞானத்துக்குத் தெரிந்தது. அதுவும் அவன் சொன்ன பொய். அவள் அதற்குக் கொடுத்த விலை அவளுடைய புத்தி. துரை தலையை ஆட்டிக்கொண்டு, தம் குறிப்பில் 'ங்க' பற்றிய பகுதி முழுவதையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

பங்குனி பிறந்ததும் ஹால்வர் ஊருக்குக் கிளம்ப நாள் குறித்தார். கடைசியாக விடைபெற வந்தவர் நாற்காலியில் சாய்ந்து, "நல்ல வேலைதான் செய்தோம். பரவாயில்லை. தமிழில் அப்படி ஒன்று இருப்பதாக முதலில் தோன்றியது, சோதித்துப் பார்த்ததில் இல்லை என்று ஒரு வரி எழுதுவேன். அடுத்து வருகிறவர்கள் அந்தப் பக்கம் தேட வேண்டியதில்லை" என்றார்.

ஒரு வரி. அந்த ஒரு வரியால் இருப்பது இல்லாததாகிவிடும். ஓலைக் குடிசையில் கூலிக்காரர்கள் சொன்னது, வாசலில் குனிந்து நின்றவர்கள் சொன்னது, கோடிப் பேர் வாயில் கொஞ்சமும் பிசகாமல் வருவது, எல்லாம் சீரில்லாத பேச்சு என்று அச்சில் ஏறிவிடும். ஒச்சாயி காப்பித் தட்டோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள். அவள் காதிலும் விழட்டும் என்று அவன் தமிழிலேயே சொன்னான்.

"சார், இவுக எங்க அக்கா. குக்கு இல்ல. கூடப் பொறந்த அக்கா. என்னைத் தூக்கி வளத்தவுக. நான்தான் பொய் சொன்னேன்."

பிறகு அதையே இங்கிலீஷிலும் சொன்னான். ஒச்சாயி தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். "இப்ப எதுக்கு அதெல்லாம்" என்று முணுமுணுத்தாள்.

ஹால்வர் முதலில் திகைத்தார். அடுத்த நொடி முகம் விளக்கேற்றியது போல மலர்ந்துவிட்டது. "அக்காவா! அப்படியானால் நான் இருந்தபோது குக்காகப் பேசினார், நான் இல்லாதபோதும் தேள் வந்தபோதும் அக்காவாகப் பேசினார்! ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை! விதி சரியாகத்தான் இருந்தது மிஸ்டர் ஞானம், ஆளைத்தான் நாம் மாற்றி எழுதிவிட்டோம்!" கட்டி வைத்த பெட்டியைத் திறந்து காகிதத்தை வெளியே எடுத்தார். ஏன் பொய் சொன்னாய் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூட ஞானத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எழுந்து தம் நாற்காலியை ஒச்சாயிக்குப் போட்டார். அவள் உட்காரவில்லை. "ஒரே ஒரு உதவி. அவரை ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை சொல்லச் சொல்லுங்கள். குக்காக ஒரு தடவை, அக்காவாக ஒரு தடவை."

ஞானம் தரையைப் பார்த்தபடி அதைத் தமிழில் சொன்னான். இதைவிடச் சங்கடமான மொழிபெயர்ப்பை அவன் வாழ்நாளில் செய்ததில்லை.

ஒச்சாயி காப்பித் தட்டை மேஜைமேல் வைத்தாள். பிறகு, "சோறு எடுத்து வைக்கட்டுங்களா?" என்றாள்.

"இது குக்காக. இப்போது அக்காவாக?" என்றார் ஹால்வர், பென்சிலைத் தயாராகப் பிடித்துக்கொண்டு.

"அம்புட்டுத்தாங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

"வெட்கப்படுகிறார். பாதகமில்லை, தேள் வந்த அன்று சொன்னதே போதும்" என்று துரை சந்தோஷமாக எழுதிக்கொண்டார். ஜட்காவில் ஏறும்போதும் கையை ஆட்டினார். ஞானம் வாசலில் நின்றான். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. செத்த தேளுக்கு முன்னால் அக்காளைத் திட்டியபோது உண்மைக்குத் திறக்காத வாய், ஒரு வினைச்சொல்லுக்கு ஆபத்து என்றதும் திறந்துவிட்டது. அவளுக்காக அவன் உண்மையைச் சொல்லவில்லை. அது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

உள்ளே போனான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, தொரை போயிட்டாரு."

"சரிங்க."

"இனிமே அது வேணாம்க்கா. என்னைய நல்லா வையி. கையில கெடச்சத எடுத்து அடி."

"நான் எதுக்கு அடிக்கப்போறேன்? உக்காந்து சாப்புடுங்க."

"கோவத்துல சொல்றியா?"

அவள் களைவதை நிறுத்தி யோசித்தாள். உண்மையான பதிலைத் தேடுகிறவள் மாதிரிதான் இருந்தது. "கோவம்லாம் இல்லீங்க. வாய்ல வரமாட்டேங்குது. நெசமாத்தாங்க சொல்றேன்."

பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு என்று சித்திரையில் ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஞானம் போய்ப் போய்க் கூப்பிட்டான். காட்டு வேலை கிடக்கு என்றாள், ஆடு குட்டி போட்டிருக்கு என்றாள். ஒவ்வொரு தடவையும் கோழி அடித்துக் குழம்பு வைத்து, இலை போட்டுப் பரிமாறி, 'ங்க' போட்டு வழியனுப்பினாள்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஹால்வரின் புத்தகம் தபாலில் வந்தது. முகவுரையில் ஞானத்துக்கு நன்றி. உள்ளே ஒரு அத்தியாயம் முழுக்க பாஸ்குவும் தமிழும். 'கொன்னுட்டேன்டா' என்ற வாக்கியத்தை ரோமன் எழுத்தில் அச்சடித்து, பக்கத்தில் 'அக்காள் தம்பியிடம்' என்று போட்டிருந்தார். தலைமையாசிரியர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "யாருப்பா அந்த அக்காள்? எந்த ஊர்ல போயிக் கேட்டீங்க?" என்று விசாரித்தார். ஞானம் சொன்னான். தன் அக்காள் என்றும், பெயர் ஒச்சாயி என்றும், எந்த ஊர் என்றும், என்ன ஜனம் என்றும், தான் அவளை என்னவென்று சொன்னான் என்றும். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானம் வேதக் கோவிலுக்குப் போகாமல் உசிலம்பட்டி பஸ் ஏறினான். ஊருக்குள் நுழைந்தபோது களத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஒச்சாயியின் சேக்காளி ராக்கம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

"அடியே ஒச்சாயி, ஒந்தம்பி வாராம் பாரு!"

ஒச்சாயி மடியிலிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். "வாங்க."

"தம்பியப் போயி வாங்கன்னு கூப்புடுறவள இந்தச் சீமையில நான் கண்டதில்ல" என்று ராக்கம்மாள் சிரித்தாள். "ஏன்டீ, அம்புட்டுப் பெரிய மனுசனாயிட்டானா?"

"நான் சொல்றேன் மதினி" என்றான் ஞானம். களத்து ஓரத்தில் நின்றபடியே, ஒச்சாயி தடுக்கத் தடுக்க, எல்லாவற்றையும் சொன்னான். வெள்ளைக்காரன் கேட்டது, தான் சொன்னது, தேள், தான் போட்ட சத்தம். பெண்கள் கடலை ஆய்வதை நிறுத்திவிட்டார்கள். ராக்கம்மாள் மட்டும், "ஒன்னைய இடுப்புல வச்சுக்கிட்டே களை வெட்டுனவடா அவ" என்றாள். திட்டக்கூட இல்லை, ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னாள். ஞானத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் தோன்றவில்லை.

அக்காளின் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினான்.

"வீட்டுக்கு வாங்கக்கா. நீங்க இல்லாம நல்லா இல்லீங்கக்கா."

ஒச்சாயி வெடுக்கென்று நிமிர்ந்தாள். கண்ணில் பொட்டென்று தண்ணீர் வந்துவிட்டது. "எங்கிட்ட எதுக்குடா அதப் போடுற? நான் என்ன அசலாளா..."

சொல்லிவிட்டாள். சொன்னது அவளுக்கே கேட்டது. உதட்டை மடித்துக்கொண்டாள். ஞானம் இன்னொரு தடவை வரும் என்று காத்து நின்றான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பசியோட வந்திருப்பீங்க. வாங்க, கஞ்சி இருக்கு" என்று முன்னால் நடந்தாள்.

கஞ்சி குடித்தான். தொட்டுக்கொள்ள அவனுக்குப் பிடிக்கும் என்று வெங்காயமும் சுட்ட கருவாடும் வைத்தாள். பசுமலைக்கு வருவதைப் பற்றி அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வெயில் தாழ்ந்ததும் கடலை ஒரு பை கட்டிக் கொடுத்தாள். ஊர் எல்லை வரை கூடவே வந்தாள். அங்கே நின்றுகொண்டு, ரோட்டில் தூரத்தில் பஸ் கிளப்பிய புழுதியைக் கையால் காட்டினாள்.

"அந்தா வருது பாருங்க. வெரசா நடங்க, விட்டா பொழுது அடைஞ்சுதாங்க அடுத்தது."

ஞானம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனான். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.